பென்டிரைவ் தப்பு வாசிக்காது

சரி, இருபத்திரண்டு பேர் குழுவை விட்டுவிட்டு ஐந்து பேர் குழுவுக்கு முதல் பரிசு கொடுத்தோம் என்று நடுவரான என்னைத் திட்டி ஒரு பிள்ளையின் அப்பா அனுப்பிய அந்த வாட்ஸ்அப் ஆடியோ எனக்கும் வந்தது. நாலு குரூப்பிலிருந்து. "நடுவருக்குக் காது கேட்காதுபோல" என்று அந்த அப்பா சொல்லும்போது பின்னால் யாரோ சிரிப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது.

சனிக்கிழமை குழு இசைப் போட்டியில் நான் கவனித்தது ஒன்றைத்தான். பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டு வாசித்தார்களா? இருபத்திரண்டு பேர், ஒரே மாதிரிக் கோட்டு, ஒரு பிசிறு இல்லை. எப்படி இருக்கும்? பாதி இசை பென்டிரைவிலிருந்து வந்தது. முதல் பரிசு வாங்கிய ஐந்து பேருக்கு நடுவிலேயே கரண்ட் போய்க் கீபோர்டு செத்தது. மிருதங்கப் பையன் உடனே தொப்பியை, அதாவது கனத்த ஒலி தரும் பக்கத்தை, அடக்கி வாசித்தான், புல்லாங்குழல் பெண் கீபோர்டு விட்ட இடத்தை எடுத்துக்கொண்டாள். கேட்டதால்தானே முடிந்தது? இதற்கு மார்க் போடாமல் வேறெதற்குப் போட?

"இஷ்டத்துக்கு வாசிக்க இது என்ன ஜாஸா?" என்கிறார் ஒருவர். ஜாஸிலும் இதேதான் ஐயா. நியூயார்க்கில் 1996 முதல் பள்ளி ஜாஸ் குழுக்களுக்கு எசென்ஷியலி எலிங்டன் என்ற போட்டி நடக்கிறது. அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் இசையை எழுதிய தாளாகவே அனுப்பிவிடுகிறார்கள், ஆனால் தாளை ஒப்பித்தால் போதாது. தனியாக எழுந்து வாசிக்கிற பிள்ளை அந்த நேரத்துக் கற்பனையை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்டு இடம் விட வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வரும் குழுக்களுக்கு முன்னதாகவே ஒரு கலைஞரை அனுப்பிச் சொல்லியும் தருகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, நம்ம மிருதங்க வித்வான் காரைக்குடி மணி சார் ஆஸ்திரேலிய ஜாஸ் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்தாரே, பென்டிரைவ் வைத்துக்கொண்டா?

மிருதங்கப் பையன் ஒரு கோடை விடுமுறையில் என்னிடம் இரண்டு மாதம் படித்தவன். ஆமாம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மற்ற இரண்டு நடுவர்களும் அந்த ஐந்து பேருக்குத்தான் அதிகம் போட்டார்கள், அதை ஆடியோவில் காணோம்.

பதின்மூன்று வயதில் இதே மாதிரி ஒரு போட்டியில் நான் ஆர்மோனியம் வாசித்தேன். கையில் ஒரு துண்டுச்சீட்டு வந்தது: "நன்று. 61." மீதி 39 எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருத்தத்தில்தான் சனிக்கிழமை ஒவ்வொரு குழுவோடும் பத்து நிமிடம் பேசுகிறேன் என்று போட்டி நடத்தியவர்களிடம் கேட்டேன். பந்தி ஆறுகிறது என்றார்கள். சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டார்கள்.

அந்த இருபத்திரண்டு பேரில் வலது ஓரத்தில் ஒரு பெண் வயலின் வாசித்தாள். நிஜமாகவே வாசித்தாள், நல்ல வில். பென்டிரைவில் ஓடிய ட்ராக் அவளை மொத்தமாக மூடிவிட்டது. அதைச் சொல்லத்தான் மேடைக்குப் பின்னால் போனேன். "அவரோட என்ன பேச்சு, வண்டியில ஏறு" என்று கூட்டிப் போய்விட்டார். இப்போது ஆடியோ அனுப்புகிற அதே அப்பாதான்.

சால்வை இன்னும் என் வண்டிப் பெட்டியில்தான் கிடக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.