தேடுபவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது வீண் வேலையா?

இணையப் பக்கங்களைக் கூகுள் போன்ற தேடுபொறிகளில் முன்னுக்குக் கொண்டுவரக் கற்பிக்கும் சென்ற வாரப் பயிற்சி வகுப்பில் நடந்ததைக் காணொளியில் உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். "இந்தச் சொல்லைத் தேடுகிறவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று முதலில் பார்க்க வேண்டாமா?" என்று நான் கேட்டேன். "அதெல்லாம் தத்துவம், கீவேர்டை, அதாவது மக்கள் தேடும் சொல்லை, தலைப்பிலும் ஒவ்வொரு பத்தியிலும் வையுங்கள், போதும்" என்று வகுப்பு நடத்தியவரிடமிருந்து பதில் வந்தது. அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. அந்தப் பதிலை இளைஞர்கள் பாடமாகக் குறித்துக்கொண்டது அதைவிட வலித்தது.

இது தத்துவம் அன்று. ஆல்டாவிஸ்டா என்ற பழைய தேடுபொறியில் மக்கள் தேடியவற்றை ஆராய்ந்து கணினி அறிவியலாளர் ஆந்த்ரே ப்ரோடர் 2002-இல் வெளியிட்ட கட்டுரையே, ஒருவர் குறிப்பிட்ட தளத்துக்குப் போகவோ, ஒன்றைத் தெரிந்துகொள்ளவோ, ஒரு காரியத்தை முடிக்கவோ தேடுகிறார் என்று வகுத்துக் காட்டியது. பக்கத்தின் நிரலுக்குள் அடுக்கி வைக்கும் கீவேர்டு மெட்டா குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. 2019-இல் கூகுள் தேடலில் சேர்ந்த பெர்ட் என்ற மொழி மாதிரி, சொற்களைத் தனித்தனியாக அல்லாமல் ஒன்றோடொன்று சேர்த்துப் பொருள் கொள்ள முயன்றது. தேடல் முடிவுகளை மதிப்பிடும் கூகுளின் தர மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியிலும், தேடியவரின் தேவை நிறைவேறியதா என்பதற்கெனத் தனி அளவுகோல் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஒரு சொல்லை எத்தனை முறை எழுதுவது என்பதையே தொழிலாகக் கற்பிப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்காக வாரிசுச் சான்றிதழ் பற்றித் தேடினேன். முதலில் வந்த பக்கங்கள் எல்லாம் வாரிசுச் சான்றிதழ் என்றால் என்ன, அதன் முக்கியத்துவம் என்ன என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தன. அந்தச் சொல் வரிக்கு வரி வந்தது. இறப்புச் சான்றிதழோடு வேறு எந்த ஆவணங்களைக் கொண்டுபோவது, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் என்ன நடக்கும், குடும்ப அட்டையில் பெயர் பிழையாக இருந்தால் என்ன செய்வது என்பவற்றை ஒரு பக்கமும் சொல்லவில்லை. துக்க வீட்டிலிருந்து தேடுகிறவருக்கு வரையறை எதற்கு? அதை எழுதியவர் ஒரு நிமிடம் அந்த மனிதரை நினைத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

"அப்படியானால் கீவேர்டே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், மக்கள் பயன்படுத்தும் சொல்லில்தான் எழுத வேண்டும், அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. "வாடிக்கையாளர் தேடல் முடிவுகளில் முதலிடத்துக்குத்தானே பணம் தருகிறார்?" என்பது இன்னும் கனமான கேள்வி. உண்மைதான், மாத இறுதியில் அவர் இடத்தைத்தான் கேட்கிறார். ஆனால் பக்கத்துக்கு வந்தவர் தேடியது கிடைக்காமல் உடனே திரும்பிப் போனால், வாடிக்கையாளரின் கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூட வராது. அப்போது அந்த இடத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இதை அவரிடம் எடுத்துச் சொல்வதும் நம் வேலைதான். இப்போது செயற்கை நுண்ணறிவே பதில் சொல்லிவிடுகிறது என்பவர்களுக்கும் என் பதில் இதுதான்: பொது வரையறையை அது சொல்லிவிடும் என்றால், நாம் அதையே மீண்டும் எழுதுவதில் என்ன பயன்?

விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல் தேடுபவரின் எண்ணத்தை அறிய முடியாது என்பதை நான் ஏற்கவே மாட்டேன். அந்தச் சொல்லை நீங்களே தேடி, முதல் பத்து முடிவுகள் செய்முறையா, விலைப்பட்டியலா, விளக்கக் கட்டுரையா என்று பாருங்கள். கீழே வரும் தொடர்புடைய கேள்விகளைப் படியுங்கள். அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும், கூகுளின் கட்டணமில்லாத சர்ச் கன்சோலைத் திறந்து, இம்ப்ரெஷன் (முடிவுகளில் தோன்றிய எண்ணிக்கை) அதிகமாகவும் கிளிக் (அதைச் சொடுக்கி வந்த எண்ணிக்கை) குறைவாகவும் உள்ள ஒரு சொற்றொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தட்டச்சு செய்தவர் எந்தச் சூழ்நிலையில் இருந்திருப்பார், அவருக்கு அடுத்து என்ன தெரிய வேண்டும் என்று எழுதிப் பார்த்து, அதை உங்கள் பக்கத்தின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நான் கேட்டது தத்துவம் என்று தோன்றினால் என்னிடம் வந்து சொல்லுங்கள், பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறேன்.