பூட்டியிருந்தால் ரோசாக் (கெட்டுப்போனது) என்று அர்த்தமா?

"சார்ஜர் குத்துற இடத்த மட்டும் மாத்துங்கண்ணே, டிஸ்க்கத் தொடாதீங்க." இரண்டு தடவை சொன்னேன். மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடை. மறுநாள் சாயங்காலம் போன் வருகிறது: "தம்பி, உன் டிஸ்க் ரோசாக். தொறக்கவே இல்ல. ஃபார்மெட் அடிச்சு எல்லாம் புதுசா போட்டுட்டேன்." அதற்குத் தனியாக 50 வெள்ளி (ரிங்கிட்)!

ரோசாக் இல்லை ஐயா. பூட்டியிருந்தது. லேப்டாப்பைத் திறந்ததும் கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்கிறது. அந்தப் பூட்டுக்குப் பெயர் லக்ஸ். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடும்போதே டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து, கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி வைத்திருந்தேன். கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறார். தனக்குப் புரியாததைப் பார்த்த அந்த கம்ப்யூட்டர் "ஃபார்மெட் செய்யவா?" என்று கேட்டிருக்கிறது. இவரும் சரி என்று அமுக்கிவிட்டார். பூட்டிய வீட்டைப் பார்த்து ஆள் இல்லை என்று இடித்துத் தள்ளுவார்களா?

ஏன் பூட்டினேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். "உன்கிட்ட அப்படி என்ன ரகசியம் இருக்கு?" என்னுடையது ஒன்றுமில்லை. அதில் இருந்தது தோட்டத்து (எஸ்டேட்) ஜனங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். சிவப்பு ஐசியோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை) ஆயுசைக் கழித்த பெரியவர்களின் குடியுரிமை மனு, பேரப்பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஈபிஎஃப் சேமநிதிக் கணக்கு எல்லாம் ஸ்கேன் செய்து வைப்பேன். ஐசி நம்பர் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. அதோடு முகமும் முகவரியும் ஒரே ஃபோல்டரில். லேப்டாப் திருடு போய் அது ஆலோங் (கடுவட்டிக்காரன்) கையில் சிக்கினால், கடனைக் கேட்டு மிரட்ட யார் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவான்? என் வீட்டிலா? இல்லை, என்னை நம்பிக் கொடுத்த கிழவி வீட்டில்!

"ரிக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தரேன் தம்பி" என்கிறார் கடைக்காரர் இப்போது. எதை எடுப்பார்? அந்த சாஃப்ட்வேர் கோப்புகளின் தொடக்கக் குறியைத் தேடிப் போகும். ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 என்ற குறியீட்டில் ஆரம்பிக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மீதியை இழுக்கும். என்கிரிப்ட் செய்த டிஸ்க்கில் அப்படி ஒரு தடயமும் கிடையாது, முழுக்க இரைச்சல். தரவைத் திறக்கும் உண்மையான சாவி டிஸ்க்கின் தொடக்கத்தில் ஹெடர் என்ற சிறு பகுதிக்குள் இருக்கிறது. லக்ஸ் இரண்டாம் பதிப்பில் அந்த ஹெடர் வழக்கமாக 16 எம்பி. நம் கடவுச்சொல் அந்தச் சாவியை வெளியே எடுக்க மட்டும்தான். ஹெடர் அழிந்தால் சரியான கடவுச்சொல்லை ஆயிரம் தடவை அடித்தாலும் திறக்காது.

அந்த ஹெடருக்கும் நகல் எடுத்துப் பென்டிரைவில் வைத்திருந்தேன்! செய்ய வேண்டியதைச் செய்துதான் இருந்தேன். ஆனால் இது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். ஃபார்மெட் அடித்ததும் "பழைய இடமெல்லாம் காலி" என்று வழக்கமாக டிரைவுக்கே தகவல் போய்விடும், மிச்சத்தை அதுவே துடைத்துவிடும். சாவி என் கையில் இருக்கிறது, வீடுதான் இல்லை.

தீபாவளி வரைக்கும் உள்ளதற்கு வேறு டிஸ்க்கில் நகல் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவை போயே போய்விட்டன. அதில் ஒரு பாட்டியின் தோட்டப் பள்ளிச் சான்றிதழ். லயத்து வீட்டில் மழைத் தண்ணீர் ஏறி ஊறிப்போன தாள், ஸ்கேன் செய்யும்போதே கையில் பிய்ந்தது. அவர் இந்த மண்ணில் வளர்ந்தார் என்று சொல்ல இருந்த ஒரே காகிதம் அது. அந்தப் பாட்டி வீட்டுப் படியேறி நான் என்ன சொல்வது?

கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்டபோது ஒரு போன் போட்டிருக்கலாம். என் நம்பரை அவர் கையாலேயே ரசீதில் எழுதியிருந்தார். அழித்து முடித்த பிறகு அதே நம்பருக்குத்தானே கூப்பிட்டார்?