முதலில் நடைக்கு ஒரு மெட்டு போடுங்கள்

பழைய டிவி கேம் இசையைக் ‘கீச்சுச் சத்தம்’ என்று ஒதுக்குகிற பேச்சை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்தக் காலத்தில் வசதி இல்லை, கிடைத்ததை வைத்து ஏதோ ஒப்பேற்றினார்கள், இன்று நம்மிடம் எல்லாம் இருக்கிறது, ஆகவே நாம் அதைவிட நன்றாகச் செய்துவிடுவோம் என்ற நினைப்புதான் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். கூத்தில் வரும் அர்ஜுனன் தபசை எடுத்து, காடு மலை குகை என்று அலைந்து திரிகிற சாகச விளையாட்டாக ஆக்குகிறார்கள். படமெல்லாம் பழைய பாணியில் கட்டம் கட்டமாக, அவ்வளவு அழகு. இசை என்று வந்ததும், பெரிய ஆர்கெஸ்ட்ரா வாசிப்பது போல ஒலி தரும் மென்பொருளைக் காசு சேர்த்து வாங்கப் போகிறோம் என்றார்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் 1986-இல் வந்த செல்டா விளையாட்டின் இசையைப் பொறுமையாகக் கேளுங்கள், அதே மாதிரி நாலு குரலில் ஒரு மெட்டு போட்டுக் காட்டுங்கள், பிறகு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள் என்றேன். “அதுல என்ன மாமா இருக்கு?” என்று கேட்டான். என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ 1986 பிப்ரவரி 21 அன்று ஜப்பானில் வெளிவந்தது. நிண்டெண்டோ என்ற ஜப்பானிய விளையாட்டு நிறுவனத்தில் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இயக்கியது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டையும் ஒரே சின்னக் குழு ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்தது. மாரியோ ஒரே திசையில் ஓடுகிறவன். செல்டாவிலோ லிங்க் என்ற பையனை இஷ்டப்பட்ட பக்கம் நடத்திக்கொண்டு போகலாம். மியாமோட்டோ கியோட்டோவுக்குப் பக்கத்தில் சொனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். சின்ன வயதில் காட்டில் சுற்றும்போது ஒரு குகையைக் கண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கியதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விளையாட்டும் அப்படித்தான் தொடங்குகிறது. கையில் வாள்கூட இல்லை. எதிரே பாறையில் ஒரு கறுப்பு வாசல். உள்ளே போனால் ஒரு கிழவர் நிற்பார், வாளைத் தருவார்.

வெளி உலகம் அகலத்தில் 16, உயரத்தில் 8 என்று மொத்தம் 128 திரைகள். அடியில் ஒன்பது நிலவறைகள். தெசுகா அவற்றை வரைந்தபோது ஒதுக்கிய இடத்தில் பாதியிலேயே ஒன்பதையும் அடக்கிவிட்டாராம். மீதிப் பாதியை வீணாக்காமல், ஆட்டத்தை முடித்தவர்களுக்கு இரண்டாவது ஆட்டமாகக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து 128 கிலோபைட்டுக்குள். அதற்குள்தான் இசையும் அடங்க வேண்டும்.

இசை அமைத்தவர் கோஜி கோண்டோ. நகோயாவில் 1961-இல் பிறந்தவர், 1984-இல் நிண்டெண்டோவில் சேர்ந்தவர். செல்டா வெளிவந்தபோது அவருக்கு 24 வயது. தொடக்கத் திரைக்கு அவர் நினைத்து வைத்திருந்தது தன்னுடைய மெட்டு அல்ல. பிரெஞ்சு இசைமேதை மோரீஸ் ராவெல் 1928-இல் எழுதிய ‘பொலேரோ’. ஒரே தாளக்கட்டு மேல் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து பெருகிக்கொண்டே போகும் இசை. மெதுவாக நகரும் அந்தத் திரைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆனால் ராவெல் இறந்தது 1937 டிசம்பரில். இறந்து 50 ஆண்டு என்ற கணக்கே 1986-இல் முடியவில்லை, அதனால் காப்புரிமை குறுக்கே நின்றது. வேலை முடியப்போகும் கடைசிக் கட்டத்தில்தான் இது தெரிய வந்தது. கோண்டோ ஒரே ராத்திரியில், வெளி உலகத்தில் நடப்பதற்காக ஏற்கெனவே போட்டிருந்த தன் மெட்டை எடுத்து, நிதானப்படுத்தி, தொடக்கத் திரைக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்.

ஒரே ராத்திரியில் செய்த மேதை என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரவல் இசை கைவிட்டுப் போனபோது, எடுத்துக்கொள்ளத் தன்னுடைய மெட்டு ஒன்று அவரிடம் தயாராக இருந்தது. அது மணிக்கணக்கில் நடப்பதற்கென்று போட்ட மெட்டு. அதனால்தான் நிதானமாக ஒலித்தாலும், அணிவகுப்பு போல விரைந்தாலும் அது தாங்கியது.

அந்த மெட்டைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். நான் ஆர்மோனியம் வாசிக்கிறவன், அதனால் சுரத்தில் சொல்கிறேன். சட்ஜமத்தில் பிடித்து, கீழே பஞ்சமத்தைத் தொட்டு, திரும்ப ச, பிறகு ரி க ம என்று மளமளவென்று ஏறி ப-வில் நிற்கிறது. இதுவரை சங்கராபரண ராகம், வெளிச்சமான சுரங்கள். அடுத்த ஏற்றத்தில் தைவதமும் நிஷாதமும் கோமளமாக, அதாவது அரைச் சுரம் தாழ்ந்து வந்து மேல் சட்ஜமத்தைப் பிடிக்கின்றன. ஏறுகிற சுரங்களை மட்டும் வரிசையாக வைத்தால் அது சாருகேசி! கோண்டோ சாருகேசி போட்டார் என்று நான் சொல்லவில்லை. மேற்கத்திய முறையில்தான் அவர் யோசித்திருப்பார், அடுத்த வரிகளில் மெட்டு வேறு சுரங்களுக்குப் போயும் விடுகிறது. ஆனால் கீழ்ப்பாதி வெயிலும் மேல்பாதி நிழலுமாக இருக்கிற அந்த ஏற்றம், புறப்படும் உற்சாகத்தையும் எதிரே என்ன இருக்குமோ என்ற கலக்கத்தையும் ஒரே மூச்சில் தருகிறது. கோயிலில் பஜனை பாடி வளர்ந்த காதுக்கு அது உடனே புரியும்.

இனி அதை ஒலித்த இயந்திரத்துக்கு வருகிறேன். நிண்டெண்டோ பெட்டியின் ஒலிச் சில்லில் ஐந்து சேனல், அதாவது ஐந்து குரல். சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த துண்டு ஒலிக்கு ஒன்று. மெட்டுக்கு உதவுவது முதல் நாலுதான். முக்கோண அலைக்கு ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழியே கிடையாது. ஒன்று ஒலிக்கும், இல்லாவிட்டால் நிற்கும். அடிச்சுரம் முழுவதும் அதன் தலையில். ஆகவே அடிச்சுரத்துக்கு உயிர் வருவது எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான். இரைச்சல் சேனலைச் சின்னச் சின்னதாக வெட்டினால் மேளம். ஜப்பானில் டிஸ்க் போட்டு விளையாடும் துணைப் பெட்டிக்கு வந்தபோது கூடுதலாக இன்னொரு சேனல் இருந்தது, தொடக்க இசையில் மணி போல ஒரு நாதம் கேட்கும். 1987-இல் வெளிநாட்டுக் கார்ட்ரிட்ஜில் அந்தச் சேனல் இல்லை. இருக்கிற குரல்களில் பகிர்ந்து கொடுத்தார்கள், மெட்டு குறைபடவில்லை.

விளையாட்டின் மற்றச் சத்தங்களும் இதே சேனல்களில்தான் வர வேண்டும். வாளை வீசினால், அடி வாங்கினால், காசு எடுத்தால், அந்த நொடிக்கு இசையின் ஒரு குரல் விலகி இடம் கொடுக்கும். விளையாடுகிறவன் வாளை எப்போது வீசுவான் என்று இசை அமைப்பவருக்குத் தெரியாது. எந்த நேரத்தில் எந்தக் குரல் அறுந்தாலும் மிச்சம் உள்ளவை மெட்டைத் தாங்கும்படி நெய்திருக்க வேண்டும். நூறு வாத்தியம் வாங்கி அடுக்குகிறவனுக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டிய அவசியமே வராது. அதனால்தான் முதலில் நாலு குரலில் செய்யுங்கள் என்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், திரும்ப வருதல். 128 திரைக்கும் ஒரே மெட்டுதான். வழி தெரியாமல் ஒரு பையன் மணிக்கணக்கில் புதர் புதராக எரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அத்தனை நேரமும் அதே மெட்டு. நிலவறைக்குள் இறங்கினால் இன்னும் சின்னது, அரைச் சுரமாகச் சரிந்து உருண்டு உருண்டு வரும் ஒரு கோவை, அவ்வளவே. சலித்தால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் குறைக்கவில்லை. சினிமாப் பாட்டு எழுதுகிறவருக்கு முடிவு எங்கே என்று தெரியும். இங்கே முடிவு விளையாடுகிறவன் கையில் இருக்கிறது. கடைசிச் சுரம் முதல் சுரத்துக்கே இழுத்துக்கொண்டு போக வேண்டும், தையல் தெரியக்கூடாது.

இது நம் ஆட்களுக்குப் புதிய வித்தையா? 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் இங்கே டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலும் அதற்குப் பின்னாலும் வந்தவர்கள் நட்டாலின் கரும்புத் தோட்டங்களில் விடிய விடியக் கூத்து ஆடியவர்கள். இங்கே அதை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்லித்தானே வளர்ந்தோம். கட்டியங்காரன் பேசி முடித்து, திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் வெளியே வரும்போது முகவீணையும் மத்தளமும் தாளமும் ஒரு மெட்டைப் பிடிக்கும். அவர் எத்தனை சுற்று ஆடுவார் என்று வாசிக்கிறவருக்குத் தெரியாது. ஒரு நாள் நாலு சுற்று, உற்சாகம் வந்துவிட்டால் பத்து. அதுவரை மெட்டு ஓட வேண்டும், சலிக்கவும் கூடாது, ஆட்டக்காரரை அமுக்கவும் கூடாது, அவர் அடவு முடிக்கிற இடத்தில் சட்டென்று நிற்கவும் தெரிய வேண்டும். கோண்டோவின் சில்லு செய்ததும் இதே வேலைதான். டர்பன் தெருவில் மஸ்கந்தி கிதார் வாசிக்கிற ஜூலு சகோதரர்களைக் கேளுங்கள், அங்கேயும் ஒரு சின்னச் சுழல் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும், பாட்டு அதன் மேல் ஏறும், இறங்கும். இந்த இரண்டு பாடசாலையும் வாசலிலேயே இருக்கும்போது நம் பிள்ளைகள் ஹாலிவுட் முழக்கத்தைத் தேடிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இடையில் ஒரு செய்தி. நம் ஊரில் 90-களில் கோல்டன் சைனா போன்ற டிவி கேம் பெட்டிகளில் விளையாடியவர்கள் பலர் இந்த ரக இசையை மெதுவான வேகத்தில்தான் கேட்டிருப்போம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 தடவை திரையை வரையும், தென்னாப்பிரிக்காவில் 50. இசையை நகர்த்தும் நிரல் பெரும்பாலும் திரைக்கு ஒரு தடவை ஓடும். நம் நாட்டு வேகத்துக்குச் சரிசெய்யாத கார்ட்ரிட்ஜ் என்றால் இசை ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். பிற்காலத்தில் யூடியூபில் கேட்டபோது ‘ஏன் இவ்வளவு அவசரம்?’ என்று தோன்றியவர்களுக்குக் காரணம் இதுதான்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு நான் விரோதி இல்லை. செல்டா வந்த அதே 1986-இன் மே மாதம் டிராகன் குவெஸ்ட் என்ற விளையாட்டு வந்தது. அதற்கு இசை போட்ட கோயிச்சி சுகியாமாவுக்கு அப்போது 55 வயது. அவர் தன் இசையை உடனே வாத்தியக் குழுவுக்கும் எழுதிப் பதிவு செய்தார். செல்டாவின் 25-ஆம் ஆண்டுக்கு 2011-இல் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் வாசித்தன. கேட்க ஆனந்தம்தான். ஆனால் ‘இப்போதுதான் இசை முழுமை அடைந்தது’ என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். முழுமை 1986-லேயே இருந்தது. மேடையில் வாசித்தது அதன் இன்னொரு உருவம்.

நம் நாட்டிலேயே கேப் டவுனில் கியூசிஎஃப் டிசைன் என்ற குழு ‘டெஸ்க்டாப் டன்ஜன்ஸ்’ என்று ஒரு மாயாஜால விளையாட்டைச் செய்து 2013-இல் முழுமையாக வெளியிட்டது. அதற்கு முன்பே, 2011-இல், வடிவமைப்புக்காக உலக அளவில் பரிசு வாங்கியது. இசை அமைத்தவர்கள் அமெரிக்கரான டேனி பரனோவ்ஸ்கியும் பிரிட்டன்காரரான கிராண்ட் கிர்க்ஹோப்பும். இருவரும் இந்தத் துறையில் பெரிய கைகள், நல்ல இசை. என் ஆசை ஒன்றுதான். அடுத்ததாக நட்டாலிலிருந்து வருகிற விளையாட்டில் முதல் மெட்டு நட்டாலில் பிறந்ததாக இருக்கட்டும். நடைக்கு ஒரு மெட்டு, குகைக்கு ஒரு மெட்டு, ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்தால் ஒலிக்க எட்டுச் சுரத்தில் ஒரு துணுக்கு. இவை தேறிவிட்டால் மற்றவை தானாக வரும்.

வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் பக்கத்தில் கூத்துக்குப் பின்பாட்டுப் பாடியவர்கள், முகவீணையோ மத்தளமோ வாசித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படி இருந்தால், தயவுசெய்து உள்பெட்டியில் எழுதுங்கள். வேஷம் வெளியே வரும்போது வாசிக்கிற மெட்டுகள்தான் வேண்டும். பழைய கேசட் இருந்தால் நானே வந்து வாங்கிப் பதிவு செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.