எந்தப் பழமொழி?

(மாட்ரிட், 1864. ஸ்பானிய ஓவியர் கோயா இறந்து 36 ஆண்டுகள் ஆகின்றன. அவர் படம் பொறித்துப் பெட்டியில் விட்டுப்போன செப்புத் தகடுகளில் 18 தகடுகளை சான் ஃபெர்னாண்டோ அரச நுண்கலைக் கழகம் அச்சிட்டு வெளியிடுகிறது. சோதனைப் படிகளில் கோயா தம் கையால் எழுதியது ‘கிறுக்குத்தனம்’. கழகம் வைத்த பெயரோ ‘பழமொழிகள்’. அச்சுக்கூடத்தில் ஒரு பெரியவர், ஒரு பையன்.)

பையன்: அண்ணே, ஆறு பெண்கள் போர்வையை விரித்துப் பிடித்து ரெண்டு பொம்மையைத் தூக்கிப் போடுகிறார்கள். இது எந்தப் பழமொழி?

பெரியவர்: முதலில் மையைத் துடை. பாவாடை மடிப்பில் மட்டும் கொஞ்சம் விட்டுவை.

பையன்: துடைத்துவிட்டேன். பழமொழி?

பெரியவர்: கார்னிவலில் வைக்கோல் மனிதனைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்களே, நீ பார்த்ததில்லையா?

பையன்: அது விளையாட்டு. பழமொழி எங்கே?

பெரியவர்: என் மாமா அரண்மனைத் தறிக்கூடத்தில் இருந்தவர். கோயா முன்பு இதையே ராஜாவின் திரைச்சீலைக்கு வரைந்தாராம். நாலு பெண்கள், ஒரே பொம்மை, நல்ல வெயில், எல்லார் முகத்திலும் சிரிப்பு. அப்புறம் காது போனது, போர் வந்தது. இதில் பார், பின்னால் வெறும் சாம்பல்.

பையன்: போர்வையில் ஒரு கழுதை வேறு படுத்திருக்கிறது! ‘ஆறு பேர் தூக்கினால் கழுதையும் பறக்கும்.’ சரியா?

பெரியவர்: அது நீ இப்போது கட்டியது.

பையன்: கழகத்தாரும் அப்படித்தானே, அண்ணே?

பெரியவர்: (சுற்றுமுற்றும் பார்த்து) மெதுவாகப் பேசு. ஈரத் தாளை வை. போர்வையைப் போடு.

பையன்: படத்திலா?

பெரியவர்: மெஷினில்! கம்பளிப் போர்வை! உருளையைச் சுற்று.

(பையன் சுற்றுகிறான். பெரியவர் தாளின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல உரிக்கிறார்.)

பெரியவர்: அற்புதம். அந்தச் சாம்பல் வானத்தைப் பார்... ஏய், வானத்தில் ஏது மூணாவது பொம்மை?

பையன்: அது... என் கட்டைவிரல், அண்ணே. தாளை வைக்கும்போது மை ஒட்டியிருக்கும்.

பெரியவர்: நாசமாய்ப் போச்சு! கழகத்தாருக்கு என்ன பதில் சொல்வது?

பையன்: பழமொழி என்று சொன்னவர்களுக்கு ரெண்டு பொம்மையும் ஒன்றுதான், மூணும் ஒன்றுதான்.

(பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.)

பெரியவர்: கால் கூட இருக்கிற மாதிரிதான் தெரிகிறது... சரி, இது நம் வீட்டுச் சுவருக்கு. நீ போய்க் கையைக் கழுவிவிட்டு அடுத்த தாளை நனை.