ராட்போர்னின் கையை உங்கள் மேடைக்கு இழுக்காதீர்கள்

ஓர் ஊக்கப் பேச்சுக் காணொளியின் கீழே, அதில் சொன்ன உதாரணத்தை மறுத்து நான் இட்ட இரண்டு வரிப் பின்னூட்டத்துக்கு வந்த பதில்களை எல்லாம் படித்துவிட்டேன். பொறாமை என்றார்கள், சோம்பேறிகளின் வக்கீல் என்றார்கள், எவனோ ஓர் அமெரிக்காக்காரனுக்காக உனக்கு ஏன் வலிக்கிறது என்றும் ஒருவர் கேட்டார். காணொளியைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊழியர்கள் நிறைந்த ஓர் அரங்கில், விடுப்புக் கேட்பவர்களைக் கேலி செய்வதற்காகச் சார்லஸ் ராட்போர்ன் என்ற பழைய பேஸ்பால் பிட்சரை (பந்தெறிபவரை) பேச்சாளர் உதாரணம் காட்டினாரே, அதுதான் என் மனத்தாங்கல். கையைத் தூக்க முடியாத வலியிலும் அந்த மனிதர் அணி விசுவாசத்தால் நாள்தோறும் பந்தெறிந்தாராம், நீங்களோ தலைவலிக்கு விடுப்பு எழுதிக் கொடுக்கிறீர்களாம். ஐயா, ராட்போர்ன் அதை விசுவாசத்தால் செய்யவில்லை. விலை பேசிவிட்டுச் செய்தார்.

1884ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் தொடரான நேஷனல் லீக்கில் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியில் இருந்தார். இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் வளர்ந்த, கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மகன். அணியின் பந்தெறியும் சுமையை அவரும் சார்லி ஸ்வீனி என்ற இளைஞரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஜூன் 7 அன்று பாஸ்டனுக்கு எதிராக ஸ்வீனி ஒரே ஆட்டத்தில் 19 ஸ்ட்ரைக்அவுட் (மட்டையாளரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது) எடுத்தார், ஊர் அவரைக் கொண்டாடியது, மூத்தவரான ராட்போர்னுக்கு அது பிடிக்கவில்லை. ஜூலை நடுவில் ஓர் ஆட்டத்தில் ராட்போர்ன் கோபத்தில் தாறுமாறாக எறிய, வேண்டுமென்றே செய்தார் என்ற குற்றச்சாட்டோடு நிர்வாகம் அவரைச் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தது. உங்கள் விசுவாசத் திலகம் அப்போது இருந்த நிலை இதுதான். ஜூலை 22 அன்று மேலாளர் ஃபிராங்க் பான்கிராஃப்ட் சொன்னபடி பந்தெறிவதை விட்டு வெளிக்களத்துக்கு மாற மறுத்து ஸ்வீனி ஆட்டத்தின் நடுவிலேயே கிளம்பிப் போய்விட, ஒன்பது பேர் ஆட வேண்டிய இடத்தில் எட்டுப் பேரோடு ஆடி அணி தோற்றது. அணியையே கலைத்துவிடலாமா என்று நிர்வாகிகள் யோசித்த அந்த நேரத்தில்தான் ராட்போர்ன் தன் நிபந்தனையை வைத்தார். மீதி ஆட்டங்களை நான் எறிகிறேன், அதற்குக் கூடுதல் பணம் வேண்டும், பருவம் முடிந்ததும் ரிசர்வ் விதியிலிருந்து என்னை விடுவிக்க வேண்டும் என்றார். நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

ரிசர்வ் விதி என்பது 1879இல் கிளப் உரிமையாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஒவ்வொரு கிளப்பும் ஐந்து வீரர்களைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மற்ற கிளப்புகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. பின்னர் அந்த எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. ஒரு மனிதன் தன் உழைப்பை வேறிடத்தில் விற்க முடியாமல் பூட்டிவைத்த விதி அது. அந்தப் பூட்டின் சாவிக்காகத்தான் ராட்போர்ன் தன் கையைக் கொடுத்தார். மேடையில் இந்தப் பகுதி மட்டும் எப்படி விடுபட்டுப் போகிறது என்று கேட்டால் நான் பொறாமைக்காரன்.

அவருடைய சாதனையை நான் குறைக்கிறேன் என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களைத் தொடங்கி, மாற்றுப் பிட்சர் இல்லாமல் 73ஐயும் அவரே முடித்தார். 678க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது), 441 ஸ்ட்ரைக்அவுட், 59 வெற்றி (பழைய கணக்கில் 60). இடையில் தொடர்ச்சியாக 18 ஆட்டங்களை வென்றார். அக்டோபரில் மற்றொரு லீக்கின் சாம்பியனான நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸுடன் நடந்த சாம்பியன் தொடரின் மூன்று ஆட்டங்களையும் அவரே எறிந்து வென்றார். காலையில் தலைவாரக்கூடக் கை எழவில்லை என்று சொல்வார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிரமிப்பை எடுத்து இன்னொருவனின் விடுப்பு விண்ணப்பத்தின்மேல் முத்திரையாகக் குத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

எனக்கு ஏன் வலிக்கிறது என்று கேட்டவருக்குச் சொல்கிறேன். கல்லூரி நாட்களில் நான் வேகப்பந்து வீசியவன். தோளில் வலி என்று சொன்னபோது எங்கள் பயிற்சியாளர், வலி என்பது மனத்தில் இருப்பது என்று சொல்லி மறுபடி பந்தைக் கையில் கொடுத்தார். இன்றும் ரயிலில் மேல் தட்டில் பெட்டியை வைக்க என் வலக்கையை நம்புவதில்லை. அண்மையில் பழைய மாணவர் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். 'வலியோடு வீசிய பையன் இவன்தான்' என்று மற்றவர்களுக்கு என்னைப் பெருமையோடு அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். தோள் இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எறிந்தார்கள், இன்றைய பிட்சர்களுக்குத்தான் சொகுசு கூடிவிட்டது என்கிறீர்கள். அன்று எறியும் தூரம் 50 அடி. 1893இல்தான் அது 60 அடி 6 அங்குலமானது. தோளுக்கு மேலே கையைச் சுழற்றி எறிய நேஷனல் லீக் அனுமதித்ததே 1884இல்தான், அனுமதி வந்த பிறகும் ராட்போர்ன் பெரும்பாலும் கையைத் தாழ்த்தியே எறிந்தார். இன்றைய பிட்சர் ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் எறிகிறார், அந்த வேகத்தில் 678 இன்னிங்ஸை எந்த மனிதக் கையும் தாங்காது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் இளைஞர்களைச் சோம்பேறிகள் என்பது எளிது, கைதட்டலும் உடனே கிடைத்துவிடும். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லையே என்று கேட்டவரை, சம்பளம் நிறுத்தப்பட்ட ஒருவரிடம் போய் அதைக் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1884க்குப் பிறகு ராட்போர்னின் கை பழைய கையாக இல்லை. ஆட்டத்தை விட்டபின் புளூமிங்டனில் மதுக்கடையும் பில்லியர்ட்ஸ் கூடமும் நடத்தினார். 1894இல் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் ஒரு கண் போனது, ஆட்களைப் பார்ப்பதையே தவிர்த்தார், 1897இல் 42 வயதில் இறந்தார். பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 1939இல். எல்லாம் முடிந்தபிறகு மாலை போடுவதில் உலகம் ஒருபோதும் தாமதித்ததில்லை போலும்.

ரிசர்வ் விதியிலிருந்து விடுதலை கிடைத்தும் 1885இல் அவர் பிராவிடன்ஸிலேயே ஆடினாரே, அது விசுவாசம் இல்லையா என்று நேற்றிரவு ஒருவர் வெற்றிக் களிப்போடு எழுதியிருந்தார். ஆடினார், உண்மைதான். தன் விருப்பப்படி ஒப்பந்தம் போட்டு ஆடினார். அந்தப் பருவத்தோடு கிளப்பே மூடப்பட்டது, அவர் பாஸ்டனுக்குப் போனார். 1890இல் ஜான் மாண்ட்கோமெரி வார்டு தலைமையில் வீரர்களின் சங்கம் முதலாளிகளுக்கு எதிராகத் தனி லீக் தொடங்கியபோது, ராட்போர்ன் பழைய கிளப்பை விட்டுவிட்டு அந்தக் கலகக்காரர்களோடு போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் சேர்ந்த புதிய பாஸ்டன் அணிதான் அந்த லீக்கின் பட்டத்தையும் வென்றது. இந்த 1890ஐயும் அதே மேடையில் சொல்லியிருந்தால், அந்த நிறுவனத்தார் பேச்சாளரை அடுத்த ஆண்டும் அழைப்பார்களா என்பதைத்தான் என்னால் ஊகிக்க முடியவில்லை.