நாலுகண் மீனும் பைஃபோகலும்

(பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கண்ணாடிக் கடை.)

அங்கிள்: இந்தா தேவி, உன் பைஃபோகல். தெலுக் பஹாங் ஜெட்டியில தூண்டிலோட உக்காந்தா தக்கையும் மங்கல், முள்ளும் மங்கல். மீன்தான் என்னைத் தெளிவாப் பாக்குது.

தேவி: முள்ளுல இரையை எப்படிக் கோப்பீங்க?

அங்கிள்: மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் பிடிச்சு.

தேவி: தக்கை?

அங்கிள்: தக்கை வானத்துலயா கெடக்கும்? கீழ, தண்ணியில!

தேவி: மேல்பாதி தூரத்துக்கு, கீழ்வட்டம் படிக்க. நீங்க ரெண்டையும் தலைகீழாப் பாக்குறீங்க. நாலுகண் மீன் இந்தத் தப்பைச் செய்யாது.

அங்கிள்: நாலு கண்ணா! அதுக்கு ரெண்டு கண்ணாடி வித்திருப்பியே.

தேவி: கண்ணு ரெண்டுதான். அனப்லெப்ஸ்னு பேரு, தென் அமெரிக்காப் பக்கம். நீர்மட்டத்துலயே மிதக்கும். ஒவ்வொரு கண்ணுலயும் குறுக்க ஒரு பட்டை. மேல ஒரு கண்மணி காத்துக்கு, கீழ ஒன்னு தண்ணிக்கு.

அங்கிள்: தண்ணிக்கு எதுக்குத் தனியா?

தேவி: நம்ம கண்ணோட பவர் சுமாரா 60 டயாப்டர். அதுல 43 கருவிழி குடுக்குது, அதான் கண்ணு முன்னாடி இருக்குற தெளிவான படலம். அதுவும் காத்துல இருந்தாத்தான். ஒளியை வளைக்கிறதுல தண்ணி 1.33, கருவிழி 1.38, ஏறக்குறைய ஒன்னு. முங்கினா அந்தப் பவர் போச்சு.

அங்கிள்: அப்ப பிளஸ் 43-ல ஒன்னு போடேன்.

தேவி: அது கண்ணாடி இல்ல அங்கிள், கோலிக்குண்டு. சாதாரண மீன் கண்ணுக்குள்ள லென்ஸா அதான் இருக்கு. சாப்பிடும்போது தட்டுல உருளுமே. அனப்லெப்ஸுக்கு அந்த லென்ஸ் முட்டை வடிவம். தண்ணியிலேர்ந்து வர்ற ஒளி முட்டையோட நீளவாக்குல போகும், அங்க வளைவு அதிகம். காத்து வழியா வர்றது குறுக்குவாக்குல போகும். வளைவு கம்மி, போதும். மிச்சத்தைக் கருவிழி பாத்துக்கும்.

அங்கிள்: வெயில்ல கண்ணு காயாதா?

தேவி: இமை கிடையாது. அப்பப்பத் தலையை முக்கி எடுக்கும். நம்ம சதுப்புச் சேத்துல துள்ளுற பெலாச்சாக் மீன் வேற மாதிரி. கண்ணைக் குழிக்குள்ள இழுத்து நனைச்சுக்கும்.

அங்கிள்: அடச்சே, எனக்குக் கண்ணடிக்குதுன்னு நெனச்சேன்!

தேவி: அனப்லெப்ஸுக்குத் தண்ணி எப்பவும் கீழ, காத்து எப்பவும் மேல. அதான் பைஃபோகல் ஒத்துவருது. ஜெட்டிக்குத் தூரக் கண்ணாடி தனியா எடுங்க, 120 வெள்ளி. இல்லன்னா தாடையை நெஞ்சோட ஒட்டித் தக்கையைப் பாருங்க. முள்ளை வயித்துக்கிட்ட இறக்கிக் கோங்க.

அங்கிள்: (கண்ணாடியை மாட்டி, தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறார்) ஓசி வைத்தியமே போதும்மா.

தேவி: அங்கிள், படி!

அங்கிள்: இப்பதான் படியே தெரியுது.