மாமா கேட்ட 33 இஞ்ச்

பொள்ளாச்சியில் ஒரு டயர் கடை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கம்ப்ரெசர்கூட சத்தமில்லாமல் கிடக்கிறது. கடைக்காரரின் அக்கா கணவர், ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், தன் வெள்ளை டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை வாசலை அடைத்து நிறுத்திவிட்டு இறங்குகிறார். மச்சினன் கடையில் விலை கேட்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் கேட்காமல் விலை சொல்லக் கூடாது என்பது மச்சினன் கொள்கை. இருவரும் இதுவரை ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள்.

மாமா: மாப்ளே, 33 இஞ்ச் டயர் நாலு எடுத்து வை.

மாப்பிள்ளை: வாங்க மாமா. எந்த வண்டிக்கு?

மாமா: என்னிடம் எத்தனை வண்டி இருக்கிறது? இதற்குத்தான். அப்படியே ரிம்மையும் மாற்று. 20 இஞ்ச், கறுப்பு.

மாப்பிள்ளை: இப்போது ஓடுகிற டயரில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

மாமா: (குனிந்து) 265, ஒரு சாய்கோடு, 65, ஆர், 17. ஏதோ சீரியல் நம்பர்.

மாப்பிள்ளை: அதுதான் அளவு மாமா. அகலம் 265 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 65 பங்கு, பக்கச் சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். ரிம் 17 இஞ்ச்.

மாமா: ஒரே டயரில் மில்லிமீட்டர், சதவீதம், இஞ்ச்! எங்கள் அப்பா சொத்தைப் பிரித்த மாதிரி இருக்கிறது. அண்ணனுக்கு ஏக்கரில், தம்பிக்கு சென்ட்டில், எனக்கு மட்டும் மரக் கணக்கில்.

மாப்பிள்ளை: எல்லாம் கூட்டினால் டயரின் முழு உயரம் 776 மில்லிமீட்டர். முப்பதரை இஞ்ச். நீங்கள் கேட்கிற 33 என்பது 285/70 ஆர் 17. அது 831 மில்லிமீட்டர். டேப்பை வைத்து அளந்தால் 32.7 தான். சொல்ல வசதியாக 33 என்கிறோம்.

மாமா: 55 மில்லிமீட்டர் வித்தியாசம்! வண்டி ரெண்டு இஞ்ச்சுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மாப்பிள்ளை: பாதிதான் நிற்கும். அச்சுக்குக் கீழே கூடுகிற பாதி வண்டியைத் தூக்கும். மேலே கூடுகிற பாதி மட்கார்டைப் போய் முட்டும்.

மாமா: அப்படியென்றால் 20 இஞ்ச் ரிம் போட்டு மீதியைச் சரிக்கட்டு.

மாப்பிள்ளை: வெளி அளவு அதே 33 தானே? ரிம் பெரிதாக ஆக ரப்பர்தான் குறையும். 17 இஞ்ச் ரிம்மில் ரப்பர் சுவர் கிட்டத்தட்ட எட்டு இஞ்ச் இருக்கும். 20இல் ஆறரைகூட வராது. தோப்புக் குழியில் இறங்கினால் அடி வாங்குவது ரிம்மும் உங்கள் இடுப்பும்.

மாமா: இடுப்பு ஏற்கெனவே போய்விட்டது. சரி, 17ஐயே வை. கறுப்பு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாப்பிள்ளை: முதலில் ஒன்று சொல்லுங்கள். எதற்கு இது?

மாமா: தோப்புக்குள் வாய்க்கால் மேட்டில் அடி தட்டுகிறது. 'டங்'கென்று சத்தம். ஒவ்வொரு தட்டலுக்கும் உங்கள் அக்கா என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! அதுவும் இல்லாமல், ஐஸ்லாந்தில் இதே ஹைலக்ஸுக்கு 38 இஞ்ச் போட்டு ஓட்டுகிறார்கள். போனில் பார்த்தேன்.

மாப்பிள்ளை: அங்கே பனிக்கு மேல் மிதந்து போவதற்கு. டயரில் நாலு, ஐந்து பாயின்ட் காற்று மட்டும் மிச்சம் வைத்து இறக்கி, அகலமாகப் பரப்பி ஓட்டுகிறார்கள். மட்கார்டை வெட்டி, கியர் விகிதத்தை மாற்றி, வண்டியையே வேறாக ஆக்கிவிட்டுத்தான் 38. ஆனைமலையில் பனி எங்கே மாமா?

மாமா: மார்கழியில் ஐந்து மணிக்கு எழுந்து பார்த்திருந்தால் தெரியும்.

(மாப்பிள்ளை எதுவும் சொல்லாமல் பில் புத்தகத்தைத் திறக்கிறார். வாதத்தில் தோற்றவர்கள் எழுதத் தொடங்குவது வியாபாரத்தில் சகஜம்.)

மாப்பிள்ளை: டயர் ஐந்து.

மாமா: நாலு.

மாப்பிள்ளை: ஸ்டெப்னி? நாலு 33 போட்டு, பஞ்சரானால் பழைய முப்பதரையை மாட்டினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஐந்து வேண்டும். அந்த ஐந்தாவது தொட்டிக்கு அடியில் இருக்கிற இடத்தில் நுழைவது கஷ்டம். மேலே தொட்டியில்தான் போட வேண்டும்.

மாமா: தொட்டியில் தேங்காய் ஏற்றுகிறேன்டா!

மாப்பிள்ளை: இனி டயரையும் ஏற்றுவீர்கள். அப்புறம், வால்பாறைக்கு மாசத்துக்கு ஒரு தடவை போகிறீர்கள் இல்லையா? ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயரின் தோள்பட்டை முன்பக்க பிளாஸ்டிக்கில் உரசும், பின்பக்கம் பாடியைச் சேஸிஸோடு பிடித்திருக்கிற பாடி மவுண்ட்டில் உரசும்.

மாமா: நாற்பது தடவையுமா?

மாப்பிள்ளை: திரும்பி வரும்போது இன்னொரு நாற்பது.

மாமா: அதற்குத்தான் லிஃப்ட் கிட் இருக்கிறதாமே. ரெண்டு இஞ்ச் தூக்கிவிடு.

மாப்பிள்ளை: தூக்கினால் மேடு பள்ளத்தில் முட்டுவது குறையும். ஒடிக்கும்போது உரசுவது முழுசாகப் போகாது; பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டும். சிலர் பாடி மவுண்ட் இரும்பையே அறுத்து வெல்டு வைக்கிறார்கள். தூக்கியதும் முன்சக்கர அலைன்மென்ட் மாறும், அதைச் சரிசெய்ய, சக்கரத்தை மேலே பிடித்திருக்கிற ஆர்ம் மாற்ற வேண்டி வரலாம். அச்சு ஜாயின்ட் சாய்வாக வேலை செய்யும், அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். எழுதட்டுமா?

மாமா: பேனாவைக் கீழே வை. ரிம்மை வெளியே தள்ளிப் போட்டால் எதுவும் உரசாது என்று ஒருவன் சொன்னானே.

மாப்பிள்ளை: ஆஃப்செட் கம்மியான ரிம். சக்கரம் வெளியே வரும், உள்ளே இடம் கிடைக்கும். அது உண்மை. ஆனால் ஒடிக்கும்போது சக்கரம் இன்னும் பெரிய வட்டம் போடும், புது இடத்தில் உரசும். பேரிங்குக்குச் சுமை கூடும். மட்கார்டைத் தாண்டி நிற்கிற டயர் சேற்றையெல்லாம் கதவில் அடிக்கும்.

மாமா: சேறு அடித்தால்தான் வண்டிக்கே அழகு.

மாப்பிள்ளை: கழுவுவது யார்?

மாமா: (யோசித்து) தூக்கம் வருகிறது, மேலே சொல்.

மாப்பிள்ளை: மீட்டர். சக்கரம் நூற்றுக்கு ஏழு பங்கு பெரிதாகிவிட்டது. மீட்டருக்கு அது தெரியாது. முன்னே 80இல் போய்க்கொண்டிருந்த இடத்தில் இப்போது 85ஐத் தாண்டிப் போவீர்கள், முள் அதே இடத்தில் நிற்கும். 100 கிலோமீட்டர் ஓடினால் 93 தான் ஏறும்.

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) என்ன சொன்னாய்? ஓடினதைவிடக் கம்மியாகக் காட்டுமா? விற்கும்போது...

மாப்பிள்ளை: மைலேஜும் கம்மியாகக் காட்டும். கொஞ்சம் நிஜமாகவே குறையும், ஏனென்றால் ஒவ்வொரு டயரும் ஏழெட்டு கிலோ கூட. மீதி, மீட்டர் எண்ணாமல் விட்ட கிலோமீட்டர். வீட்டில் டீசல் கணக்கு எழுதுவது யார்?

மாமா: உங்கள் அக்கா.

மாப்பிள்ளை: 'நூறு கிலோமீட்டர் போனேன் என்கிறீர்கள், மீட்டரில் ஏழு கிலோமீட்டர் குறைகிறது, எங்கே போனீர்கள்' என்று கேட்பார்.

மாமா: குறைந்தால் எப்படிக் கேட்பாள்? கூடினால்தானே கேட்க வேண்டும்?

மாப்பிள்ளை: எங்கள் அக்காவை உங்களுக்கு இத்தனை வருஷத்தில் இன்னும் தெரியவில்லை.

(இந்த இடத்தில் மாமா உண்மையிலேயே கொஞ்சம் பயந்துபோகிறார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொள்கிறார்.)

மாமா: சரி, செலவைக் குறைக்கலாம். இப்போதைக்குப் பின்னாடி ரெண்டு மட்டும் பெரிசு போடு. முன்னாடி ரெண்டு அடுத்த வெட்டுக் காய் இறங்கினதும் பார்ப்போம். டிராக்டர் அப்படித்தானே ஓடுகிறது?

மாப்பிள்ளை: டிராக்டரை அந்த அளவுக்கென்றே கியர் வைத்துச் செய்திருக்கிறார்கள். உங்களுடையது நாலு சக்கர ஓட்டம். குமிழைத் திருப்பி ஃபோர் வீல் போட்டால் முன்அச்சும் பின்அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். டயர் வேறு வேறு அளவானால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, ரெண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஏபிஎஸ் பிரேக்குக்கும் தலை சுற்றும்.

மாமா: ஃபோர் வீல் போட்டதே இல்லையே.

மாப்பிள்ளை: ஒரு தடவைகூடவா?

மாமா: எதற்கு? கல்யாண மண்டபத்துக்கு எல்லாம் தார் ரோடுதானே.

(மாப்பிள்ளை பில் புத்தகத்தை மூடுகிறார்.)

மாப்பிள்ளை: மாமா, நான் வியாபாரிதான். ஆனாலும் சொல்கிறேன். கம்பெனி முதலில் குறிப்பிட்டுக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில், ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, அல்லது ரெண்டும்.

மாமா: ஒரு மாற்றத்துக்கா? அப்படியென்றால் லிஃப்ட் கிட் ஒன்று, ஆர்ம் ஒன்று, ரிம் ஒன்று...

மாப்பிள்ளை: கறுப்பு பெயின்ட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் டயரைத்தான் போட்டோ எடுப்பார். எங்கள் அக்கா இந்தக் கடை வாசலில் வந்துதான் உட்காருவார். கொஞ்சம் இருங்கள், எது தட்டுகிறது என்று பார்க்கிறேன்.

(அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போகிறார். டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் அலைகிறது.)

மாப்பிள்ளை: (அடியிலிருந்து) மாமா! டிஃபரன்ஷியல் உருண்டையில் ஒரு கீறல் இல்லை. சேஸிஸ் புதுசு மாதிரியே இருக்கிறது. தட்டுவதெல்லாம் பக்கத்தில் வெளியே மாட்டின ஃபுட்போர்டு. அடிப்பக்கம் முழுக்க நசுங்கியிருக்கிறது. இவ்வளவு தணிவாக யார் மாட்டினார்கள்?

மாமா: நான்தான் மாட்டச் சொன்னேன். அம்மாவுக்குக் கால் எட்டவில்லை.

மாப்பிள்ளை: (வெளியே வந்து, முழங்கையைத் துடைத்தபடி) சரியாகச் சொல்லுங்கள். அத்தைக்கு ஏற முடியவில்லை என்று ஃபுட்போர்டைத் தணித்து மாட்டினீர்கள்.

மாமா: ஆமாம்.

மாப்பிள்ளை: அது தரையில் தட்டுகிறது என்று வண்டியை உயர்த்தப் போகிறீர்கள்.

மாமா: ஆமாம்.

மாப்பிள்ளை: உயர்த்தினால் அத்தைக்கு ஃபுட்போர்டே எட்டாது.

மாமா: (நீண்ட நேரம் வண்டியைப் பார்க்கிறார்) ...இன்னொரு ஃபுட்போர்டு போட்டால்?

மாப்பிள்ளை: மாமா, நிஜத்தைச் சொல்லுங்கள். உடுமலை மாமா 33 போட்டதைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்?

மாமா: சகலை போட்டதற்கும் நான் போடுவதற்கும் என்ன சம்பந்தம்? நிச்சயதார்த்தத்தில் அவன் வண்டி என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. என் வண்டி அவன் வண்டியிலிருந்து இறக்கி வைத்த சாமான் மாதிரி தெரிந்தது. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை: அவர் போன வாரம் இங்கே வந்தார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பழைய டயரையே மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமா: (குரல் மாறி) கழற்றிவிட்டானா! ஏன்?

மாப்பிள்ளை: நெடுஞ்சாலையில் டயர் போடுகிற உறுமலில் பாட்டு கேட்கவில்லையாம். பிரேக் பிடித்தால் முன்னைவிடத் தள்ளிப் போய் நிற்கிறதாம். லோடு ஏற்றினால் மூன்றாவது கியரில் ஏறுகிற மேட்டுக்கு இரண்டாவது கேட்கிறதாம். சின்ன அக்கா ஏறுவதற்கு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கூடவே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். ஒரு கல்யாணத்தில் அந்த ஸ்டூலை யாரோ பந்திக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சின்ன அக்கா ஒரு மணி நேரம் வண்டிக்கு வெளியே நின்றிருக்கிறார். மறுநாள் காலையில் வண்டி இங்கே நின்றது.

மாமா: அடப்பாவமே. (சின்ன இடைவெளி) அந்த டயர் இங்கேதான் கிடக்கிறதா?

மாப்பிள்ளை: உள்ளே கிடக்கிறது.

மாமா: பாதி விலைக்கு வருமா?

மாப்பிள்ளை: மாமா!

மாமா: சும்மா கேட்கிறேன். அஞ்சும் இருக்கிறதா?

மாப்பிள்ளை: நாலுதான். அவரும் ஸ்டெப்னி வாங்கவில்லை.

மாமா: நாலு போதும். சகலை ஓட்டினது, சொந்தக்காரன் பொருள், வெளியே போகக் கூடாது. எடுத்து வை.

(மாப்பிள்ளை போனை எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறார். மணி அடிக்கிறது.)

மாப்பிள்ளை: அக்கா? நான்தான். மாமா இங்கே கடையில்தான்...

மாமா: (போனைப் பிடுங்கி) ஒன்றுமில்லை, காற்று பிடிக்க வந்தேன்! ஆமாம், காற்றுதான்! மல்லித்தழைதானே, வாங்கி வருகிறேன். வை. (போனைத் திருப்பிக் கொடுத்து) நீயெல்லாம் ஒரு வியாபாரியா?

மாப்பிள்ளை: நாளைக்குக் காலையில் வாருங்கள், ஃபுட்போர்டை நாலு விரல் மேலே ஏற்றி மாட்டித் தருகிறேன். அத்தைக்குக் கதவோரத்தில் ஒரு கைப்பிடி வைத்தால் ஏறிவிடுவார். இப்போது காற்றைப் பார்த்துவிடலாம். எவ்வளவு வைக்கட்டும்? கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும்.

மாமா: ஸ்டிக்கர் கிடக்கட்டும். முப்பத்து மூன்று வை.